தூசி தெரியும் நிறம்

ஜனவரி பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து, ராயபுரத்தில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்த மூன்றாம் மாடி வீட்டின் கிழக்கு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். எட்டு நாட்களுக்கு அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மா, “காக்காவுக்கா?” என்று கேட்டார். “தூசிக்கு” என்றேன். “தூசிக்குத் தட்டு வெச்சிப் பரிமாறுறவள இப்பதான் பாக்குறேன்” என்று அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புது வீட்டை அழகுபடுத்தப் போகிறேன் என்றுதான் கல்லூரித் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. நான் செய்யத் தொடங்கியிருந்தது ஒரு பழிவாங்கல். அதற்கு முதலில் எதிரியின் ஆயுதம் என்ன நிறம் என்று தெரிய வேண்டியிருந்தது.

சிறிய வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை. ஆனால் கூடத்தில் கிழக்கே இரண்டும் தெற்கே ஒன்றுமாக மூன்று ஜன்னல்கள். எதிர்க் கட்டடங்களின் இடைவெளியில் புடவைக் கரை அகலத்துக்குக் கடல் தெரியும். காலை ஆறரைக்கு உள்ளே வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்து, தரையில் இறங்கி, மாலை நான்கு வரை கூடத்தைவிட்டுப் போகாது. குடிவந்த முதல் நாள் அம்மா அந்த வெளிச்சத்தில் தன் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் வீட்டில் பகலிலும் குழல்விளக்கு எரியும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு ஆறு வயதானபோது அப்பா இறந்தார். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள், அம்மாவுக்கு ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைக்கும் வரை, நாங்கள் திருவொற்றியூரில் அத்தையின் வீட்டில் இருந்தோம். அவர் எங்களைப் பட்டினி போடவில்லை. என் பள்ளிக்கு ஒரு முறையும் கட்டணம் தாமதமாகப் போனதில்லை. காய்ச்சல் கண்டால் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனை வாசலில் வந்து நிற்பார். இவற்றை எழுதாமல் விட்டால் மீதி எழுதுவதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் சாலையில் அந்த வீடு இருந்தது. சுவரின் கீழ்ப்பாதிக்குத் தோள் உயரம் வரை கரும்பழுப்பு எனாமல் பூசுவது எங்கள் பகுதி வழக்கம்; கை பட்டாலும் கரி பட்டாலும் தெரியாது. அத்தையின் வீட்டில் மேல்பாதியும் கரும்பச்சை. மாலை ஐந்தே முக்காலுக்கு அத்தை வருவார். செருப்பைக் கழற்றுவார், கைப்பையை ஆணியில் மாட்டுவார். பிறகு வலக்கைச் சுட்டுவிரலை ஜன்னலின் குறுக்குப் பட்டையில் இடமிருந்து வலமாக ஓட்டுவார். அடுத்து தொலைக்காட்சிப் பெட்டியின் தலை. அடுத்து ஃபிரிட்ஜின் தலை. வரிசை மாறியதில்லை. மூன்றும் முடிந்ததும் அந்த விரலை நிமிர்த்தி அம்மாவின் முகத்துக்கு நேரே, மூக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடிப்பார். “பாரு” என்பார். சில நாட்களில், “நாள் பூரா வூட்லதான கீற, இன்னாத்த கிழிச்சிகினு இருந்த?” என்பார். ஒரு மணி நேரம் முன்புதான் அம்மா துடைத்திருப்பார். அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்தில் பட்டை மறுபடி கறுத்துவிடும். அது அத்தைக்கும் தெரியும். விரல் ஒரு நாளும் வெறுமையாக எழவில்லை.  அம்மா துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இத்தனையும் நான் ஒருவேளை மறந்திருப்பேன். மறக்க முடியாதது எனக்குப் பதினோரு வயதில் நடந்தது. அம்மாவிடம் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய வாயில் பருத்திப் புடவை இருந்தது. அப்பா வண்ணாரப்பேட்டையில் எடுத்துக் கொடுத்தது. அவர் கொடுத்தவற்றில் மிஞ்சிய ஒன்று. அம்மா அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார். பள்ளிக்கு விடுமுறையுள்ள நாட்களில் எனக்காக எடுத்துப் பிரித்துக் காட்டுவார். நான் முகத்தில் போர்த்திக்கொண்டு அதன் ஊடாக விளக்கைப் பார்ப்பேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது கொடிக்கயிற்றில் அந்த நிறம் தொங்கியது. எட்டுத் துண்டுகள். ஓரங்கள் நேராகக் கிழிக்கப்பட்டிருந்தன. அத்தை எதையும் கோணலாகச் செய்ய மாட்டார். அம்மா அதன் கீழே நின்றிருந்தார். அன்று விடுப்பில் வீட்டிலிருந்த அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது. “தொடைக்கத் துணி இல்லன்னு நீதான சொன்ன? பெட்டில சும்மா கெடந்து இன்னா ஆவப்போவுது. வெளுத்த கலரெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது. கட்டிகினு ரோட்டுக்குப் போனா ரெண்டு நாள்ல கலீஜாயிடும்.” அதில் வன்மம் இருக்கவில்லை, உதவி செய்தவரின் நிறைவு இருந்தது. அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு விரல் வழக்கம்போல நீண்டது. அம்மா ரோஜா நிறத் துண்டால் ஜன்னலைத் துடைத்தார். அதன் பின் இரண்டு ஆண்டுகள், எட்டாவது துண்டும் நைந்து போகும் வரை, துடைத்தார்.

நான் பேசாத பிள்ளை என்று பெயர் வாங்கியவள். அன்றும் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் அந்த நிறத்தில் ஒரு வீடு இருக்கும், அதில் அம்மா துணியைத் தொட மாட்டார், அத்தையை அழைத்துவந்து நிறுத்துவேன், அந்த விரலே அவருடைய தீர்ப்பைப் பொய்யென்று சொல்லும் என்று முடிவு செய்தேன். பதினோரு வயதில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் இன்னும் கொஞ்சம் நேர்த்தியானது.

எட்டாம் நாள் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணியில் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். பெயின்ட் கடை பாய் மூட்டையை அவிழ்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இன்னாம்மா இது, பல்பொடியா?”

“எங்க வீட்டு ஜன்னல் தூசி, பாய்.”

“அத்த எதுக்கு இங்க தூக்கிகினு வந்த? என் கடையில இல்லாத தூசியா?”

“இதுக்கு ஏத்த கலர் வேணும்.”

பாய்க்கு விளங்கிவிட்டது. “அப்டி சொல்லு. தூசி கலர்லயே செவுரு. வுழுந்தாலும் தெரியாது. பட்ச்ச பொண்ணுன்னா இதான்” என்று சாம்பல் நிற அட்டைகளாக எடுத்து விரித்தார்.

“அதில்ல பாய். இந்தத் தூசி எந்த நிறத்து மேல விழுந்தா ரொம்ப நல்லா தெரியுமோ, அந்த நிறம் வேணும்.”

பாய் அட்டைகளைக் கீழே வைத்தார். கல்லாவில் இருந்த தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “முப்பது வருசமா கடை வெச்சிகினு கீறேன். தூசி தெரியாத கலரு குடு, கறை தெரியாத கலரு குடுன்னு கேட்டுதான் வருவாங்க. யாரு மேலம்மா இவ்ளோ கோவம்?”

 ஒவ்வோர் அட்டையின் மேலும் ஒரு சிட்டிகைத் தூசியைத் தூவி, தள்ளி நின்று பார்த்தேன். எங்கள் தூசி வெறும் கறுப்பு அல்ல. லாரிப் புகையின் கரியும், அதைவிட மென்மையான சாம்பலும், எங்கோ துருவின் சிவப்பும் கலந்தது. தந்த நிறத்தில் அது நன்றாகத் தெரிந்தது. வெளிர் நீலத்தில் இன்னும் நன்றாக. வெளிர் ரோஜாவில் ஒவ்வொரு துகளும் தனியாக நின்றது. அந்த அட்டையைக் கொடுத்து, இதைவிட ஒரு படி வெளிறலாகக் கலக்கச் சொன்னேன்.

சுவருக்கு அடிக்க வந்தவர் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகளுக்கு வண்ணம் பூசுபவர். கீழே இரண்டு அடிக்காவது அடர்ந்த நிறத்தில் பட்டை ஓட்டிவிடலாம் என்று மூன்று முறை சொன்னார். “படகுக்கே கீழ டார்க்குதாம்மா” என்றார். நான் ஒப்பவில்லை. தரை வரை ரோஜா. கூரை வெள்ளை. ஜன்னல் விளிம்புகளுக்குப் பளபளப்பில்லாத வெள்ளை ஓடு. திரைக்கு மெல்லிய மல் துணி. தரையில் சாயமேறாத கோரைப்பாய், அதன் மேல் சந்தன நிறத்தில் நான்கு திண்டு உறைகள். மேற்குச் சுவரில், கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு நீளக் கண்ணாடி. அதனால் வெளிச்சம் இரு முறை வந்தது. காலை ஏழு மணிக்கு அந்தக் கூடத்தில் நின்றால், விளக்கின் முன்னே பிடித்த உள்ளங்கைக்குள் நிற்பது போல இருக்கும். அழகான வீடு. அதை மறைக்க மாட்டேன். வெறுப்பிலிருந்து அவ்வளவு மென்மையான ஒன்றைச் செய்ய முடியும் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

பிறகு ஜன்னல்களை மூடினேன். கண்ணாடிக் கதவுகளின் இடுக்குகளில் வண்ணக்காரர் விட்டுச் சென்ற காகித நாடாவை ஒட்டினேன். காலையும் மாலையும் நானே துடைத்தேன். அம்மா துணியைத் தொடக் கூடாது என்பது என் சட்டம். “மீன் வறுத்தா வாட போவ மாட்டேங்குது, ஒண்ண மட்டும் தொறயேன்” என்று அம்மா கேட்டபோது, “அத்தை வந்துட்டுப் போகட்டும்” என்றேன். மீன் வறுப்பது நின்றது. ஒரு மாலை கல்லூரியிலிருந்து வந்து, பையை இறக்காமலே, விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பை அணைக்கப் போனார். அந்த வாரங்களில் அம்மா கூடத்தின் நடுவே, பாயின் மையத்தில், எந்தச் சுவரையும் தொடாமல் நிமிர்ந்து உட்காரப் பழகியிருந்தார். அத்தையின் வீட்டிலும் அப்படித்தான் உட்காருவார். கல்லூரியில் கவிதை வரிகளின் பொருளைத் தேடிப் படிக்கும் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். இதைப் படிக்கத் தவறினேன்.

அத்தை மார்ச் ஒன்பதாம் தேதி வந்தார். ஞாயிறு, பதினொரு மணி. திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, வலிக்கும் முழங்காலோடு மூன்று மாடி ஏறி, ஒரு கையில் மல்லிகைப்பூவும் இன்னொரு கையில் சாத்துக்குடியுமாக வாசலில் நின்று மூச்சு வாங்கினார். நான் நினைத்திருந்ததைவிட உயரம் குறைந்திருந்தார். உள்ளே பார்த்தார்.

“இன்னாடி இது, வூடா ஆஸ்பத்திரியா? செருப்ப வெளிய வுட்டா போதுமா, காலயும் கயட்டி வெச்சிட்டு வரணுமா?”

“வாங்க அத்தை” என்றேன்.

சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியில் தன் முடியைச் சரிசெய்துகொண்டார். ரோஜா நிறத்தில் கையை வைத்து, “கலரு ஸோக்கா கீது. எங்க புட்ச்ச?” என்று கேட்டார்.

பதினோரு வயதிலிருந்து நான் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியத்துக்கு அவரே வழிவிட்டார். “அம்மாவோட வாயில் புடவை, அத்தை. நீங்க எட்டாக் கிழிச்சீங்களே, அந்தப் புடவை.”

“எந்தப் பொடவ?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒளித்துவைக்க அதில் எதுவும் இருக்கவில்லை. அவர் உண்மையாகவே நினைவுகூர முயன்றார், புருவத்தைச் சுருக்கி, அக்கறையோடு; முடியாமல் அம்மாவைப் பார்த்தார். “இன்னாம்மா சொல்றா இவ?” அம்மா, “சின்ன வயசுல எதையோ பாத்தது, வுடுக்கா” என்றார். என் வாழ்வின் மிகக் கூர்மையான வாக்கியம் சாத்துக்குடிப் பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

இன்னும் விரல் மிச்சம் இருந்தது. அத்தை ஜன்னலருகே போனார்.  கை தானாக எழுந்தது. சுட்டுவிரல் வெள்ளை ஓட்டின் மேல் இடமிருந்து வலமாக ஓடி நின்றது. விரலைக் கண்ணருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த விரல் வெறும் விரலாக இருந்தது. “பாருங்க அத்தை” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா,” என்றார் அம்மாவிடம். “பதினோரு வருசம் நான் வெரல நீட்னது வீண் போவல. உனுக்கு ஏறலன்னாலும் உன் பொண்ணுக்கு ஏறிகிச்சி. அப்டியே என்னமாரி.” அந்தச் சுத்தமான விரலால் என் கன்னத்தைத் தட்டினார்.

நான் அங்கேயே நின்றேன். ஒரு மாதமாக நான் துடைத்தது யாருக்காக என்று அப்போது விளங்கியது. அவருடைய தீர்ப்பை உடைக்கவென்று கட்டிய வீட்டில் அவருடைய சட்டம் ஒன்றுவிடாமல் நடந்துகொண்டிருந்தது. மூடிய ஜன்னல்களும் மீன் மணக்காத சமையலறையும் சுவரைத் தொடாத அம்மாவும் அதற்குச் சாட்சி. அவரை வெல்ல அவருடைய அளவுகோலையே கடன் வாங்கியிருந்தேன். அவரோ அதைத் தன்னுடையது என்று அடையாளம் கண்டு, மகிழ்ந்து, ஆசியும் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவரை அதுவரை வெறுத்ததைவிட அந்த நொடியில் அதிகமாக வெறுத்தேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கடந்து போய், கிழக்கு ஜன்னலின் இடுக்கில் நகத்தைக் கொடுத்துக் காகித நாடாவை மேலிருந்து கீழ்வரை உரித்தார். கதவுகளை விரியத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். தெற்கு ஜன்னலையும் திறந்தார். கடற்காற்று திரைகளைக் கூரைக்குத் தூக்கியது. லாரிகளின் ஹாரனும் டீசல் புகையும் காசிமேட்டின் மீன் வாடையும் ஒன்றாக உள்ளே வந்தன.

“இன்னாடி பண்ற? கரி பூரா உள்ள வருது” என்றார் அத்தை.

“வரட்டும்க்கா. வெக்கையா கீது.”

அம்மா உரித்த நாடாவைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்தில், காலையில் வெளிச்சம் முழுதாக விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். மெல்லச் சாய்ந்து, பின்தலையைச் சுவரில் வைத்தார். ஞாயிறுகளில் அம்மா தலையில் எண்ணெய் தாராளமாக வைப்பார்.

“செவுத்துல எண்ண பட்டுகினு கீது.”

“படட்டும்.”

“அப்புறம் தொடச்சாலும் போவாது.”

“தொடைக்கிறதா இல்லக்கா.”

அம்மா இதைச் சண்டைக்குரலில் சொல்லவில்லை. பேருந்து இன்று இந்தப் பக்கம் வராது என்று தெரியாதவருக்குச் சொல்வது போலச் சொன்னார். அத்தை என் பக்கம் திரும்பினார். “ஆசையா அட்ச்ச செவுரு. நீயாவது சொல்லேன்டி.”

“சோறு ஆறுது, அத்தை” என்றேன்.

அத்தை சாப்பிட்டார். எறாத்தொக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் கண் அம்மாவின் தலைக்குப் பின்னால் போய் வந்தது. அம்மா சாப்பிட்டதும் அதே இடத்தில் சாய்ந்துகொண்டார். மூன்று மணிக்கு அத்தை கிளம்பினார். வாசலுக்குப் போகும் வழியில் கை பழக்கத்தில் தெற்கு ஜன்னல் விளிம்பைத் தொட்டது. விரல் சாம்பலாக எழுந்தது. அதை நிமிர்த்தினார். “பாரு” என்றார், பழைய குரலில், ஏறக்குறைய நிம்மதியோடு. அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. நானும் நகரவில்லை. விரல் காற்றில் நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் அத்தை தன் முந்தானையின் நுனியைத் தேடி எடுத்து, விரலை அதில் துடைத்துக்கொண்டு, “முட்டி வலிக்குது, வரேன்” என்று படியிறங்கினார். நான் கூடப் போகவில்லை. மூன்று மாடியும் அவர் கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, உரித்த சாத்துக்குடியை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தின்றேன். அவ்வளவு இனிப்பான பழத்தை அதற்குமுன் தின்றதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்தபோது சுவரில் அது தெளிவாகத் தெரிந்தது: உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், ஒரு சிறு தட்டளவு, ஓரம் மங்கிய எண்ணெய் வட்டம். அம்மா காபியோடு வந்து மறுபடி அதிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து, உள்ளங்கை நிறைய ஊற்றி, தலையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தேன். காபி தீரும் வரை இருவரும் அப்படியே இருந்தோம். பிறகு எழுந்து, அருகருகே இருந்த இரண்டு வட்டங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு சொல்லும் சேர்க்காமல் அத்தைக்கு அனுப்பினேன். அவர் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு குறிகளும் நீலமாக மாற ஏழு நிமிடம் ஆயிற்று. பதில் வரவில்லை. தலையை வாரிப் பின்னிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கல்லூரிக்குப் பேருந்து பிடிக்க இறங்கினேன்.